வளைவது வேறு, தாங்குவது வேறு: கடினமான ஆசனங்களில் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

ஜூன் 21 நெருங்கினாலே கைப்பேசித் திரை முழுக்க ஆசனப் படங்கள்தான். கடற்கரையில் சிரசாசனம், மொட்டை மாடியில் சக்கராசனம், பாறை மேல் மயூராசனம். ஐ.நா. பொதுச்சபை 2014 டிசம்பரில் அந்த நாளைச் சர்வதேச யோகா தினமாக அறிவித்தது. 2015 முதல் ஆண்டுதோறும் கொண்டாடப்படுகிறது. 2020 டிசம்பரில் மத்திய அரசு யோகாசனத்தைப் போட்டி விளையாட்டாகவும் அங்கீகரித்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளிலும் யோகாசனம் இடம்பெற்றது. பார்க்கிறவர்கள் கூடக் கூட, செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களும் கூடிவிட்டார்கள்.

கூடவே குழப்பமும் வளர்ந்திருக்கிறது. யோகாவில் அடிபடவே வாய்ப்பில்லை என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். தலைகீழாக நின்றால் பக்கவாதம் வரும், பத்மாசனம் போட்டால் முட்டி போய்விடும் என்று இன்னொரு சாரார் பயமுறுத்துகிறார்கள். எந்த ஆசனத்தையும் இப்படி ஒரே வரியில் நல்லது, கெட்டது என்று முடித்துவிட முடியாது. ஓர் ஆசனத்தின் சுமை எந்த மூட்டில் இறங்குகிறது, அந்த மூட்டு அதைத் தாங்கப் பழகியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதைப் புரிந்துகொள்ள, உடம்பு எப்படி வளைகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எதைக் கடினம் என்கிறோம்?

கடினமான ஆசனம் என்று பொதுவாகச் சொல்வதில் மூன்று தனித்தனிக் கோரிக்கைகள் இருக்கின்றன.

1. நீட்சி கேட்பவை. கால் நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தாசனம், பத்மாசனம், கால்களை முன்னும் பின்னும் முழுக்க விரிக்கும் ஹனுமனாசனம்.

2. பலம் கேட்பவை. முழங்கைகளை வயிற்றில் ஊன்றி உடலைப் பலகை போல் நிறுத்தும் மயூராசனம், உள்ளங்கைகளில் உட்காரும் காகாசனம்.

3. சுமையை இடம் மாற்றுபவை. தலையில் நிற்கும் சிரசாசனம், தோளில் நிற்கும் சர்வாங்காசனம். பிறந்ததிலிருந்து காலும் இடுப்பும் சுமந்த எடையைக் கழுத்தும் தோளும் சுமக்க வேண்டியிருக்கிறது.

கைகளையும் பாதங்களையும் ஊன்றி உடலைப் பின்பக்க வில்லாக உயர்த்தும் சக்கராசனம் இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் கேட்கும். அதனால்தான் நன்றாக வளைகிற பிள்ளைகள்கூட அதில் குறுக்கு வலியோடு எழுகிறார்கள்.

ஆசனம் என்பதற்கு யோக சூத்திரத்தில் பதஞ்சலி தரும் இலக்கணம் இரண்டே சொல்தான்: ஸ்திரம், சுகம். அசையாமல் இருக்க வேண்டும். அந்த இருப்பில் இதம் இருக்க வேண்டும். ஸ்திரத்துக்குப் பலம் வேண்டும், சுகத்துக்கு இளக்கம் வேண்டும். ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிட்டால் அது ஆசனம் ஆகவில்லை. இன்றைய உடலியக்க அறிவியல் சொல்வதும் ஏறக்குறைய இதுவே.

இந்த ஆசன வரிசைகள் எங்கிருந்து வந்தன?

இன்று உலகம் முழுக்கப் பார்க்கிற, குதித்துக் குதித்து மாறும் கடினமான வரிசைகளில் பெரும்பகுதி, 1930களில் மைசூர் அரண்மனை ஆதரவில் யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் நடத்திய யோகசாலையிலிருந்து கிளைத்தது. அங்கே அவர் முன் நின்றவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள், இளைஞர்கள். உடம்பு வளர்ந்துகொண்டிருக்கும் வயது, தினசரிப் பயிற்சி, கண்முன் ஆசிரியர்.

அதே கிருஷ்ணமாச்சாரியார் 1950களில் சென்னைக்கு வந்த பிறகு கற்பித்த விதம் வேறு. ஒவ்வொருவராக உட்கார வைத்து, அவரவர் வயது, நோய், மூச்சு ஆகியவற்றைப் பார்த்து ஆசனத்தை மாற்றிக் கொடுத்தார். அவருடைய மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் இந்த வழியைத்தான் பிடித்துக்கொண்டது. மைசூரில் அவரிடம் படித்த பி.கே.எஸ். ஐயங்கார் புனேயில் கட்டை, பெல்ட், மடித்த போர்வை, நாற்காலி என்று துணைப்பொருள்களைக் கொண்டுவந்தார்.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. போர்வையை மடித்து வைத்துக்கொண்டால் கௌரவக் குறைவு, ஆசனத்தைக் குறைத்துச் செய்தால் ஏமாற்று என்ற எண்ணம் நம் வகுப்புகளில் இன்னும் இருக்கிறது. ஆளுக்கு ஏற்ப ஆசனத்தை மாற்றுவது பாரம்பரியத்துக்கு வெளியே உள்ள சமாதானம் இல்லை. பெரிய ஆசிரியர்களே காட்டிய வழி அது.

வளையும்போது உள்ளே நடப்பது

மூட்டைச் சுற்றி நான்கு பொருள்கள் இருக்கின்றன. தசை சுருங்கும், விரியும். தசையை எலும்போடு சேர்ப்பது தசைநாண். எலும்பை எலும்போடு கட்டி வைப்பது தசைநார். கடைசியில் எலும்பு. பேச்சு வழக்கில் தசைநாண், தசைநார், மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு எல்லாவற்றையும் சேர்த்து “ஜவ்வு” என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் நீட்டும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறது.

தசைக்குள் நீட்சியை அளக்கும் நுண்ணிய உணரிகள் இருக்கின்றன. வெடுக்கென்று இழுத்தால் அவை முதுகுத் தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பும். தசை உடனே இறுகிக்கொள்ளும். கிழிந்துவிடாமல் காக்கும் ஏற்பாடு இது. குனிந்தபடி ஆட்டி ஆட்டித் தரையைத் தொட முயல்கிறவர், தன் தசையை இறுகச் சொல்லிக்கொண்டே இளகவும் சொல்கிறார். மெதுவாக நீட்டி, மூச்சை விட்டு, அரை நிமிடம் அங்கேயே இருந்தால் அந்த இறுக்கம் தளரும்.

தொடர்ந்து சில வாரம் பழகினால் முன்பைவிட அதிகம் குனிய முடிகிறது. தசை நீண்டுவிட்டது என்று நினைக்கிறோம். முதல் சில வாரங்களில் மாறுவது பெரும்பாலும் நரம்பு மண்டலத்தின் சகிப்புதான். முன்பு ஆபத்து என்று கத்திய இடத்தில் இப்போது பரவாயில்லை என்கிறது. ஆகவே புதிதாகக் கிடைத்த அந்த நான்கு விரற்கடை தூரத்தில் தசைக்கு இன்னும் பலம் வந்திருக்காது. கடினமான ஆசனங்களில் வரும் பல காயங்களுக்கு விதை இங்கேதான் விழுகிறது. போக முடிகிற தூரம் முன்னால் ஓடிவிடுகிறது, தாங்கும் பலம் பின்தங்கிவிடுகிறது.

தசைநாருக்கு வேலை கட்டி நிறுத்துவது. திரும்பத் திரும்ப அதன் எல்லைக்கு மேல் இழுத்தால் தளர்ந்துபோகும்; தளர்ந்தது பழைய இறுக்கத்துக்கு எளிதில் திரும்பாது. தசைநாணுக்குத் தசையளவு ரத்த ஓட்டம் கிடையாது. அதனால் அது பலப்படவும் நாளாகும், புண்பட்டால் ஆறவும் நாளாகும். எலும்போ நீளாது, வளையாது. இரண்டு எலும்புகள் இடித்துக்கொள்ளும் இடத்தில் மூட்டு நின்றுவிடும். அதற்குமேல் எத்தனை ஆண்டுப் பயிற்சியும் பயன் தராது.

எளிதாக வளைபவர்கள்

வகுப்பில் முதல் நாளே எல்லாம் வந்துவிடுகிறவர்கள் இருப்பார்கள். கட்டைவிரலை மடக்கினால் முன்கையைத் தொடும். கையை நீட்டினால் முழங்கை பின்பக்கமாக வளையும். முட்டியை மடக்காமல் குனிந்தால் உள்ளங்கை தரையில் பதியும். பிறவியிலேயே தசைநார் தளர்வாக அமைந்தவர்கள் இவர்கள். மருத்துவர்கள் பைட்டன் என்ற 9 புள்ளி அளவுகோலால் இந்தத் தளர்வை அளக்கிறார்கள்.

படம் எடுக்க அழைக்கப்படுவதும் இவர்களைத்தான். கூடுதல் கவனம் தேவைப்படுவதும் இவர்களுக்குத்தான். இவர்களுடைய தசை எச்சரிக்கும் முன்பே மூட்டு எல்லையைத் தொட்டுவிடும். இவர்கள் செய்ய வேண்டியது நேர்மாறான பயிற்சி: முழு எல்லைக்குப் போகாமல் சற்று முன்பே நிறுத்தி, சுற்றியுள்ள தசையை இறுக்கி, அங்கே நின்று பழகுவது. “உனக்கு நல்லா வளையுதே, இன்னும் போ” என்று சொல்லும் ஆசிரியர் தெரியாமலே கெடுதல் செய்கிறார்.

பத்மாசனம்: இடுப்பு கொடுக்காததை முட்டி கொடுக்கிறது

ஒருவர் பத்மாசனம் போடுவதை அருகில் இருந்து பார்ப்போம். வலது பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து இடது தொடை மேல் ஏற்றுகிறார். வலது முட்டி தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி நிற்கிறது. பாதம் உள்பக்கமாகத் திரும்பி, கணுக்காலின் வெளிப்புறத் தோல் விறைத்து வெளுத்திருக்கிறது. இடது காலையும் இழுத்து மேலே போட்டதும் ஆசனம் வந்துவிட்டது என்று நிமிர்கிறார். அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து தூக்கி நிற்கும் முட்டியைக் கீழே அழுத்துகிறார்.

இப்போது உள்ளே பார்க்கலாம். தொடை எலும்பின் தலை பந்து போன்றது; இடுப்புக் குழிக்குள் அது எல்லாப் பக்கமும் சுழலும். முட்டி கதவுக் கீல் போன்றது. மடங்கும், நீளும், மடக்கிய நிலையில் கொஞ்சம் மட்டும் திருகும். பத்மாசனத்தில் தொடை வெளிப்பக்கமாக நன்றாகத் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பம் இடுப்பிலிருந்து வராவிட்டால், பாதம் மேலே ஏறுவதற்கு வேறு எங்காவது திருகியாக வேண்டும். முட்டி திருகுகிறது, கணுக்கால் திருகுகிறது. முட்டிக்குள் மெத்தை போல் இருக்கும் பிறைவடிவக் குருத்தெலும்பு எலும்புகளுக்கு இடையே நசுங்குகிறது. அந்த நிலையில் மேலிருந்து அழுத்தினால் அது கிழியலாம்.

இந்த ஆசனத்தில் மட்டும் என்றில்லை. ஒரு மூட்டு கொடுக்காததை அடுத்த மூட்டு ஈடுகட்டும் என்பதுதான் எல்லாக் கடின ஆசனங்களிலும் காயத்துக்கு வழி.

இடுப்புக் குழியின் கோணமும் ஆழமும் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு எலும்பு அமைப்பே முழுப் பத்மாசனத்துக்கு இடம் தராது. அது அவர்களுடைய முயற்சிக் குறைவு இல்லை. தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்டு, குத்த வைத்து உட்கார்ந்து வளர்ந்தவர்களுக்கு இடுப்பு ஓரளவு இளக்கமாக இருக்கும். நாற்காலியிலேயே நாள் முழுக்க இருக்கும் தலைமுறைக்கு அதை முதலில் மீட்டெடுக்க வேண்டும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. மல்லாந்து படுத்து, வலது கணுக்காலை இடது தொடை மேல் வைத்து, இடது தொடையை மார்பை நோக்கிக் கொண்டுவர வேண்டும். இழுப்பு வலது புட்டத்தில் தெரிந்தால் சரியான இடம். முட்டியின் உள்பக்கமோ வெளிப்பக்கமோ தெரிந்தால் பத்மாசனத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை சம்மணம், பிறகு ஒரு கால் மட்டும் மேலே வரும் அர்த்த பத்மாசனம். பாதத்தைப் பிடித்து இழுக்காமல், கெண்டைக்காலுக்கு அடியில் கை கொடுத்துக் காலை முழுதாகத் தூக்கி, தொடையை வெளிப்பக்கம் திருப்பி, பாதத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு இறக்க வேண்டும். முட்டி தூக்கி நின்றால் அதன் கீழே மடித்த துண்டு வைக்கலாம். யாரையும் அழுத்த விடக் கூடாது.

முன்வளைவும் உட்காரும் எலும்பும்

பச்சிமோத்தாசனத்தில் நெற்றி முட்டியைத் தொட வேண்டும் என்ற அவசரம் இரண்டு கெடுதல் செய்கிறது.

முதலாவது, தொடையின் பின்தசை இறுக்கமாக இருப்பவருக்கு இடுப்பு முன்னால் சாயாது. நெற்றி இறங்க வேண்டுமே என்று குறுக்கு கூனிக்கொள்ளும். முதுகெலும்புக் கண்ணிகளுக்கு இடையே உள்ள வட்டுகள் முன்பக்கம் நசுங்கிப் பின்பக்கம் தள்ளப்படும். இதில் காலை நேரத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். இரவு முழுக்கப் படுத்திருந்ததால் அந்த வட்டுகள் நீர் உறிஞ்சி உப்பியிருக்கும். குனியும்போது வழக்கத்தைவிட அதிக அழுத்தம் விழும். ஐந்து மணிக்கு எழுந்து ஐந்தேகாலுக்கு ஆழமாகக் குனிவது நல்லதில்லை. விடியற்காலைப் பயிற்சியை விட வேண்டாம். வரிசையை மாற்றினால் போதும். நின்று செய்பவை, குப்புறப் படுத்து மார்பைத் தூக்கும் புஜங்காசனம், கால்களைத் தூக்கும் சலபாசனம் முதலில். ஆழ்ந்த முன்வளைவுகள் கடைசியில்.

இரண்டாவது, தொடையின் பின்தசை தொடங்கும் இடம். உட்காரும்போது தரையில் படும் எலும்பில்தான் அதன் தசைநாண் ஒட்டியிருக்கிறது. தினமும் நீட்டி, ஒருநாளும் பலப்படுத்தாமல் விட்டால் அந்த ஒட்டுமிடம் புண்படும். பல ஆண்டு யோகா செய்பவர்களிடம் அதிகம் கேட்கும் புகார் இது: “உட்கார்ந்தால் ஒரு பக்கம் மட்டும் எலும்பில் குத்துகிறது.” பிடிப்பு என்று நினைத்து இன்னும் நீட்டுகிறார்கள், புண் இன்னும் பெரிதாகிறது. இதற்கு மருந்து நீட்சியைக் குறைத்துப் பலத்தைக் கூட்டுவது. முட்டியைச் சற்று மடக்கி, மடித்த போர்வை மேல் உட்கார்ந்து, நெற்றியை மறந்து தொப்புளைத் தொடையை நோக்கிக் கொண்டுபோனால் போதும். கூடவே மல்லாந்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்கும் சேதுபந்தாசனமும், சலபாசனமும் பழக வேண்டும். ஆறுவதற்குப் பல மாதம் பிடிக்கலாம்.

எலும்பு மெலியும் ஆஸ்டியோபோரோசிஸ் நோய் உள்ளவர்கள், குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்கள், முதுகைக் கூனிக் குனியும் ஆழ்ந்த முன்வளைவுகளையும், மல்லாந்து கால்களைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகும் ஹலாசனத்தையும் தவிர்க்க வேண்டும். எலும்பு மெலிந்த முதுகெலும்புக் கண்ணி முன்பக்கம் நொறுங்கும் அபாயம் உண்மையானது.

சிரசாசனம்

அதிகம் போற்றப்படுவதும் அதிகம் பயப்படப்படுவதும் இதுதான். இரண்டுக்கும் காரணம் கழுத்து. கழுத்தில் 7 கண்ணிகள். அவை நாள் முழுக்கச் சுமப்பது தலையை, அதாவது ஏறக்குறைய 5 கிலோவை. சிரசாசனத்தில் தலையில் விழும் சுமையை அளந்து 2015இல் வெளியான ஆய்வில், பழகியவர்களுக்கே உடல் எடையில் 40 முதல் 48 சதவீதம் வரை உச்சந்தலையில் விழுந்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 24 முதல் 29 கிலோ. தலையில் எடையே விழக் கூடாது, எல்லாம் கையில்தான் என்று சொல்லிக்கொடுக்கிறோம். நடப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தலைக்கு வந்துவிடுகிறது. முன்கையும் தோளும் பலமில்லாதவருக்குக் கழுத்தின் பங்கு இன்னும் கூடும்.

ஏறும் விதமும் முக்கியம். ஒரு காலை உதைத்து எகிறி ஏறும்போது சுமை திடீரென்று விழுகிறது. இரு கால்களையும் சேர்த்து, வயிற்றுத் தசையின் பிடியில் மெதுவாகத் தூக்கும்போது படிப்படியாக ஏறுகிறது. உதைக்காமல் ஏற முடியாதவருக்கு மேலே நிற்கும் பலம் இன்னும் வரவில்லை என்று பொருள்.

அடுத்தது கண். சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் யோகப் பயிற்சியாளர்களிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், சிரசாசனத்தின்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்கானது; ஆசனத்தைக் கலைத்ததும் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆரோக்கியமான கண் இதைத் தாங்கிக்கொள்ளும். கண் நீர் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா உள்ளவருக்கு, ஏற்கெனவே நலிந்த பார்வை நரம்பின் மீது இரு மடங்கு அழுத்தம் தினமும் விழுவது வேறு விஷயம். அந்த நோய் தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. ஆகவே 40 வயதுக்கு மேல் சிரசாசனம் தொடங்க நினைப்பவர் முதலில் கண் அழுத்தம் பார்த்துக்கொள்வது நல்லது. சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டவருக்கும் இதே எச்சரிக்கை உண்டு.

இவர்கள் சிரசாசனம் செய்யவே வேண்டாம்: கண் நீர் அழுத்த நோய் அல்லது விழித்திரை பாதிப்பு உள்ளவர்கள், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கழுத்து எலும்புத் தேய்மானத்தால் கைக்கு வலியோ மரமரப்போ பரவுகிறவர்கள், ஆஸ்டியோபோரோசிஸ் உள்ளவர்கள், முன்பு பக்கவாதம் வந்தவர்கள். கர்ப்ப காலம் இதைப் புதிதாகத் தொடங்கும் நேரம் இல்லை.

மற்றவர்கள் எப்போது தயார்? கீழே உள்ள வரிசையை ஒவ்வொன்றாகத் தாண்டி வர வேண்டும். ஒன்றில் தடுமாறினால் அங்கேயே சில வாரம் தங்கலாம்.

1. முன்கையை ஊன்றிய பலகை நிலையில், இடுப்பு தொங்காமல் ஒரு நிமிடம்.

2. முன்கை தரையில் ஊன்றி, இடுப்பை உயர்த்தி, தலை தரையைத் தொடாமல் எட்டுப் பத்து மூச்சு. தோள்பட்டை காதை நோக்கிச் சரியக் கூடாது.

3. அதே நிலையில் தலையை மெல்லத் தரையில் வைத்து, மறுபடி தூக்குவது, ஐந்து முறை. இதுதான் உண்மையான தேர்வு. நெற்றிக்கும் உச்சிக்கும் நடுவே தலைக்குக் கீழே ஒரு கைக்குட்டையை வைத்துவிட்டு, முன்கையை அழுத்தும்போது பக்கத்தில் இருப்பவர் அதை உருவ முடிகிறதா என்று பார்க்கலாம். உருவ முடிந்தால் கை வேலை செய்கிறது. தலை நசுக்கிப் பிடித்திருந்தால் கழுத்துதான் சுமக்கிறது.

4. கால்களை முன்னால் நடத்தி, முட்டியை மார்போடு மடக்கி, பாதம் தரையைவிட்டு எழும் அர்த்த சிரசாசனம். குதிக்காமல் ஐந்து மூச்சு.

5. சுவருக்கு ஒரு சாண் தள்ளி முழு ஆசனம், பத்து விநாடியில் தொடங்கி. வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டலாம்.

இறங்கும்போதும் அதே நிதானம் வேண்டும். இறங்கியதும் எழுந்து நிற்காமல் நெற்றியைத் தரையில் வைத்துச் சிறிது நேரம் இருந்தால் தலைசுற்றல் வராது.

சர்வாங்காசனம் சிரசாசனத்தைவிட எளிது என்று முதலில் கற்பிக்கிறார்கள். அதில் கழுத்து முன்பக்கமாக முழுக்க மடங்கி, அந்த மடக்கத்தின் மேல் எடை நிற்கிறது. மடித்த போர்வைகளைத் தோளுக்குக் கீழே அடுக்கி, தலை மட்டும் கீழே தரையில் இருக்கும்படி வைத்தால் மடக்கம் குறையும். மேலே இருக்கும்போது தலையைப் பக்கவாட்டில் திருப்பவே கூடாது.

சக்கராசனமும் பிள்ளைகளும்

பின்வளைவில் வளைய வேண்டியவை மூன்று: தோள், மார்பின் பின்புறமுள்ள நடுமுதுகு, தொடை மடிப்பு. மேசையில் குனிந்து உட்காரும் நமக்கு இந்த மூன்றும் இறுகிக் கிடக்கின்றன. மிச்சமிருக்கும் குறுக்கு ஒன்றே எல்லா வளைவையும் தருகிறது. சக்கராசனத்தில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தெரியும்: சீரான வில்லாக இல்லாமல், இடுப்புக்கு மேலே ஓரிடத்தில் மட்டும் ஒடித்தது போல் இருக்கும்.

போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். வளரும் வயதில் குறுக்கைத் திரும்பத் திரும்பப் பின்னால் வளைப்பதால் முதுகெலும்புக் கண்ணியின் பின்பகுதியில் மயிரிழை விரிசல் விழுவது, ஜிம்னாஸ்டிக்ஸ் பயிலும் சிறுவர் சிறுமியரிடம் நன்கு அறியப்பட்ட காயம். பின்னால் வளையும்போது மட்டும் குறுக்கில் ஒரே இடத்தில் வலிக்கிறது, இரண்டு வாரமாகியும் போகவில்லை என்றால் எண்ணெய் தேய்த்துக் காலம் கடத்தாமல் எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு பதக்கத்துக்காகப் பத்து வயதுப் பிள்ளையின் முதுகைப் பணயம் வைப்பது எந்த வகையிலும் ஏற்க முடியாதது.

கையில் நிற்கும் ஆசனங்களைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காகாசனத்தில் முதலில் கத்துவது மணிக்கட்டு. விரல்களை விரித்து, விரல்நுனியாலும் உள்ளங்கை மேட்டாலும் தரையைப் பற்றினால் எடை மணிக்கட்டின் அடிப்பாகத்தில் மட்டும் குவியாது. முகம் மோதாமலிருக்க முன்னால் ஒரு தலையணை வைக்கலாம். மயூராசனம் வயிற்றின் மேல் முழு எடையையும் வைப்பதால் குடலிறக்கம் உள்ளவர்களும் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் அதை விட்டுவிட வேண்டும்.

எவ்வளவு, எத்தனை நாள்?

1. சூடான உடம்போடு தொடங்க வேண்டும். சூரிய நமஸ்காரம் நான்கைந்து சுற்று, அல்லது பத்து நிமிட நடை.

2. ஒரு நீட்சியில் 10 முதல் 30 விநாடி. அதே தசைக்கு மொத்தம் 60 விநாடி ஆகும்வரை திரும்பச் செய்யலாம். வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது செய்தால்தான் பலன் தெரியும்.

3. பலம் கேட்கும் ஆசனங்களை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யலாம். தசை ஓய்வில்தான் கட்டப்படுகிறது.

4. புதிதாகக் கிடைத்த எல்லையில் பலம் சேர்க்க வேண்டும். ஹனுமனாசனத்தில் இரு கைகளும் கட்டைமேல் ஊன்றியிருக்க, முன்காலின் குதிகாலையும் பின்காலின் முட்டியையும் தரையில் அழுத்தி ஒன்றையொன்று நோக்கி இழுப்பதுபோல் ஐந்து விநாடி இறுக்கி, பிறகு தளர்த்த வேண்டும். நீண்ட நிலையிலேயே தசை வேலை செய்யக் கற்கிறது. வெறுமனே தொங்கிக் கிடப்பதைவிட இது பயனும் அதிகம், பாதுகாப்பும் அதிகம்.

5. சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

தசைக்குப் பலம் சில வாரங்களில் வரத் தொடங்கும். தசைநாண் ஈடுகொடுக்க மாதங்கள் ஆகும். ஒரு மாதத்தில் திடீரென்று எல்லாம் வந்துவிட்டதுபோல் தோன்றுகிற நேரம்தான் அதிகம் அடிபடும் நேரம்.

வலியைப் படிப்பது

தசையின் நடுப்பகுதியில், அகலமாக, மந்தமாக ஓர் இழுப்பு. மூச்சு விட்டால் குறைகிறது. இது பயிற்சியின் வேலை. மறுநாளோ அதற்கு மறுநாளோ தசை கனத்து வலித்து, மூன்றாம் நாளுக்குள் போய்விடுவதும் இயல்பு.

மூட்டுக்குள் அல்லது மூட்டின் ஓரத்தில், ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில், கூர்மையாகக் குத்தினால் அந்த நொடியே வெளியே வர வேண்டும். முட்டியில் “டப்” என்று சத்தம் கேட்டு வீங்கினாலோ, மடக்கிய கால் பூட்டிக்கொண்டாலோ அன்றோடு பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். முன்வளைவில் புட்டத்திலிருந்து கால்வரை மின்சாரம் பாய்வதுபோல் இருந்தால் நீளுவது தசை இல்லை, நரம்பு. நரம்பை நீட்டிப் பழக்க முடியாது. மூச்சும் ஓர் அளவுகோல்தான்: ஓர் ஆசனத்தில் மூக்கு வழியாகச் சீராக மூச்சுவிட முடியாவிட்டால், உடம்பு அங்கே இருக்கத் தயாராகவில்லை.

ஆசிரியரிடம் கேட்க வேண்டியவை

காணொளி பார்த்துப் பழகுவதில் உள்ள பெரிய குறை, அது உங்களைப் பார்ப்பதில்லை. சூரிய நமஸ்காரம் வரை அது போதலாம். தலைகீழ் ஆசனங்களுக்கும் முழுப் பின்வளைவுக்கும் நேரில் ஒருவர் வேண்டும். சேரும் முன் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். என் பழைய காயங்களையும் நோய்களையும் கேட்டுக் குறித்துக்கொள்வீர்களா? இந்த ஆசனம் எனக்கு வராவிட்டால் மாற்று என்ன தருவீர்கள்? கைவைத்துத் திருத்தும் முன் என்னிடம் கேட்பீர்களா? மூன்றாவது கேள்விக்குச் சிரிக்கிற இடத்தில் சேர வேண்டாம். தான் எங்கே நிற்கிறோம் என்பதை உள்ளிருந்து உணர்பவர் செய்பவர் மட்டுமே. வெளியிலிருந்து முதுகின்மேல் சாய்ந்து அழுத்துபவருக்கு அந்த எல்லை தெரியாது.

நோய் உள்ளவர்கள் யோகா ஆசிரியர் சான்றிதழுக்கும் மருத்துவப் படிப்புக்கும் உள்ள வேறுபாட்டையும் தெரிந்துகொள்ள வேண்டும். சில வாரப் பயிற்சியிலேயே ஆசிரியர் சான்றிதழ் கிடைக்கிறது. பி.என்.ஒய்.எஸ். என்பது இயற்கை மருத்துவமும் யோகாவும் சேர்ந்த, உள்ளிருப்புப் பயிற்சியோடு ஐந்தரை ஆண்டு மருத்துவப் பட்டம்; சென்னை அரும்பாக்கத்தில் இதற்கென்றே அரசுக் கல்லூரியும் மருத்துவமனையும் இருக்கின்றன. ரத்த அழுத்தம், சர்க்கரை, முதுகெலும்புப் பிரச்சினை உள்ளவர்கள் அத்தகைய மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, எதைச் செய்யலாம், எதை விடலாம் என்று எழுதி வாங்கி வகுப்பு ஆசிரியரிடம் கொடுக்கலாம்.

சில அறிகுறிகளுக்கு மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. தலைகீழ் ஆசனத்துக்குப் பிறகு இதுவரை இல்லாத விதமான கடுமையான கழுத்து வலியும் தலைவலியும், பேச்சுக் குழறல், முகமோ கையோ ஒரு பக்கம் தளர்வது, நடை தள்ளாடுவது, திடீரென்று பார்வை மங்குவது அல்லது மின்னல் கீற்றுகள் தெரிவது. பின்வளைவுக்கோ முன்வளைவுக்கோ பிறகு காலில் பலம் குறைவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, சிறுநீர் கழிப்பதில் கட்டுப்பாடு போவது. இவற்றில் ஏதேனும் ஒன்று வந்தாலும் படுத்து ஓய்வெடுத்துப் பார்க்கலாம் என்று இருக்காமல், உடனே 108ஐ அழைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். எந்த ஆசனத்தில், எவ்வளவு நேரம் இருந்தபோது வந்தது என்பதை மருத்துவரிடம் முதல் வரியிலேயே சொல்ல வேண்டும்.